கழிவுப் பஞ்சு அறையில் சங்கு அக்கா

பேசுகிறவரின் கண்ணைப் பார்க்க மாட்டார், உதட்டைத்தான் பார்ப்பார். நூற்பு எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே இருபத்திரண்டு வருடம் அறுந்த இழைகளை முடிந்து முடிந்து காது மந்தமாகிவிட்டது. அதற்கேற்ப ஏறிய குரலோ ஆலைச் சங்குக்கே போட்டி. சங்கு அக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறவர். வீட்டில் உப்பு கேட்டால்கூட, "மெதுவாம்மா, பக்கத்து வீட்டுக்காரங்களும் சங்கத்துல சேர்ந்துடப் போறாங்க" என்பாள் மகள்.

சாப்பாடு நின்றுகொண்டேதான். உட்கார்ந்தால் முழங்கால் எழுந்திருக்க மறுக்குமாம்.

இரண்டு வருடத்துக்கு முன், பக்கத்து எந்திரத்துத் தோழி மூச்சு விட முடியாமல் தரையில் சரிந்தாள். இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. தூசியை உறிஞ்சும் பதினான்கு விசிறிகளில் மூன்றுதான் அப்போது ஓடின. மற்றவற்றையும் ஓட்டச் சொல்லி அக்கா கையெழுத்து வாங்கத் தொடங்கினார். மேலாளர் கூப்பிட்டு, "உன் வேலைக்குச் சங்கு ஊதிடுவேன்" என்றார்.

"எனக்குப் பேரே அதுதான் சார்."

மறுநாளே கழிவுப் பஞ்சு அறைக்கு மாற்றம். ஆலையின் கோடியில் ஜன்னல் இல்லாத அறை, தனி ஆள். இனி யாரோடு பேசிவிடுவாள் என்பது மேலாளரின் எண்ணம். "முதல் வாரம் மூட்டை மேல முகத்தை வச்சு அழுதேன். பஞ்சு பாருங்க, சத்தம் வெளிய போகாது."

பிறகுதான் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும், ஒவ்வொரு ஷிப்டிலும், யாராவது ஒருவர் கழிவு மூட்டையை அங்கே கொண்டுவந்து எடை போட்டாக வேண்டும். அதுவரை தன் பிரிவை மட்டுமே அறிந்திருந்தவரிடம் ஆலை மொத்தமும் வந்து நின்றது. "தராசு முள் ஆடுற வரைக்கும் பேசுவேன். முள் நின்னா ஆள் போகணும். அதுக்குள்ள விஷயத்தைச் சொல்லப் பழகிட்டேன்." எட்டு மாதத்தில் முந்நூறு கையெழுத்து. அதைக் காட்டிப் பேச்சுவார்த்தைக்கு அழைக்க வைப்பதற்குள் இன்னும் ஒரு வருடம் ஓடிவிட்டது.

மூன்று வாரமாகப் பதினான்கு விசிறிகளும் ஓடுகின்றன. அக்கா மட்டும் இன்னும் அதே அறையில். "திரும்பக் கூப்பிட்டாங்க. இங்கயே இருக்கேன்னுட்டேன்" என்கிறார்.

அந்தப் பேச்சுவார்த்தையில் நடந்ததை உடன் போனவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நம்ம ஆலையில தூசியே கிடையாதேம்மா" என்றாராம்.  அக்கா தலையில் கட்டியிருந்த துணியை நிதானமாக அவிழ்த்தார். கண்ணாடி மேசைக்கு மேலே, மேலாளர் குடித்துக்கொண்டிருந்த காபிக்கு நேராகப் பிடித்து, இரண்டு தடவை உதறினார்.