தையல் அக்கா கை தூக்கினார்

எங்கள் தெருவில் யோசனை கேட்கப் போகிறவர்கள் ஒரு கிழிந்த சட்டையையாவது எடுத்துக்கொண்டுதான் தையல் அக்காவிடம் போவார்கள். வெறுங்கையோடு போனால், அந்த வீட்டில் ஏதோ பிரச்சினை என்று தெருவே பேசிவிடுமே! அக்காவும் விவரமானவர். சட்டையை ஓரமாக வைத்துவிட்டு, "சரி, விஷயத்தச் சொல்லுங்க" என்பார். தையல் மிஷினை நிறுத்தமாட்டார். மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, மாமியாரோடு இருப்பதா தனியாகப் போவதா, எல்லாவற்றுக்கும் அங்கே பதில் கிடைக்கும். கடைசியில், "என் மனசுல பட்டதச் சொன்னேன். கேட்டா கேளுங்க, கேக்காட்டிப் போங்க" என்று முடிப்பார். கேட்காமல் போய்ப் பட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. அவர்களை ஒருநாளும் அவர் குத்திக்காட்டியதில்லை.

ஜெராக்ஸ்காரர் ஜெராக்ஸ்காரர் ஆனதே அக்காவால்தான். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மனிதர் கைக்குழந்தையோடு திண்டாடிக்கொண்டிருந்தார். "தெருமுனையில கடை போடு தம்பி. பஸ்ஸ விட்டு எறங்கறவங்க உன்னத் தாண்டித்தான போகணும்" என்றார் அக்கா. போட்டார், நன்றாகவே ஓடியது. "எல்லாம் அக்கா வாக்கு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தேர்தல் வந்தது. நாங்கள் சும்மா இருந்தோமா? இவ்வளவு நல்ல யோசனை சொல்கிறவர் நகராட்சி மன்றத்தில் இருக்கவேண்டாமா என்று அக்காவை நிற்கவைத்து, ஜெயிக்கவைத்து, தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். இரண்டும் ஒரே வேலை என்று நினைத்த புத்திசாலிகள் நாங்கள். முதல் கூட்டத்திலேயே அக்கா தெருவிளக்கைப் பற்றி வாய் வலிக்கப் பேசியிருக்கிறார். தலைவர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, "யோசனையெல்லாம் இருக்கட்டும்மா. ஆதரவா, எதிர்ப்பா? அத மட்டும் சொல்லுங்க" என்றாராம்.

அந்த வருடம் எங்கள் தெருவின் உள்பக்கம் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி தெருமுனையில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடியும், அந்த வீட்டுப் பெரியவர் பிழைக்கவில்லை. முனையை அகலப்படுத்த வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அகலப்படுத்தினால் போவது ஒரே ஒரு கடை.

ஜெராக்ஸ்காரர் சட்டை எதுவும் எடுத்துக்கொள்ளாமல் அக்காவிடம் வந்தார். பட்டன் தைக்கக் கொடுத்துவிட்டு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, நீங்க காட்டின எடம். நீங்களே இடிக்கச் சொல்லுவீங்களா?"

"வேற எடம் பாரு தம்பி. நானும் நாலு பேர்கிட்ட விசாரிக்கிறேன்."

"இது யோசனையாக்கா? யோசனைன்னா, முடியாதுன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன். நீங்க அங்க கையத் தூக்கிட்டா நான் எங்க போறது? புள்ளய வச்சுக்கிட்டு நடுத்தெருவுலதான் நிக்கணும்."

மிஷின் நின்றது. எனக்கோ பட்டனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஓடிவிடலாம் போலிருந்தது.

ஓட்டெடுப்பு அன்று பார்வையாளர் வரிசையில் ஜெராக்ஸ்காரருக்குப் பக்கத்தில் நான். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். அக்கா வேறெங்கும் பார்க்கவில்லை. ஜெராக்ஸ்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. தூக்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

கடையை இடித்தார்கள். நகராட்சி ஏதோ நஷ்டஈடு கொடுத்தது. ஜெராக்ஸ்காரர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பின்சந்தில் ஓர் அறையைப் பிடித்தார். அக்கா மனசு கேட்காமல் ஒருநாள் மத்தியானம் அங்கே கிளம்பினார். தனியாகப் போகத் தைரியமில்லை போல, என்னையும் கூப்பிட்டார்.

வெயில் வாசல் வழியாக நேரே ஜெராக்ஸ் மிஷின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, இந்த மிஷின அந்தச் செவுத்தோரம் திருப்பிப் போட்டா..."

ஜெராக்ஸ்காரர் சட்டென்று எழுந்தார். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து அக்காவுக்கு முன்னால் போட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க மேடம். எங்க வைக்கச் சொல்றீங்களோ, அங்க வச்சிடறேன்."