கிணறு சொன்ன பதில்

மாலை ஆறே கால். மகள் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் ரிவர்ப் குமிழைத் திருப்புவதைத்தான் முதலில் பார்த்தேன். "எந்த எக்கோ வைக்கலாம்பா?" என்றாள். கடைசியாக வைத்ததில் ஒலி அடங்காமல் அறையைச் சுற்றியது. 

என் சின்ன வயதில், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் சாயப்பட்டறைக் கிணற்றைத் தூர்வார அப்பா இடுப்பில் கயிற்றோடு இறங்குவார். உள்ளே விஷவாயு இருக்கலாம் என்பதால் மேலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்; பதில் நின்றால் இழுத்துவிட வேண்டும். ஒருநாள் அம்மா, "ஏங்க" என்றாள். "ஏங்க" என்று கிணற்றிலிருந்து வந்தது.

"பேசறாரேமா," என்றார் கயிற்றைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு பாய்.

"அவரு என்னிக்கு என்னை ஏங்கன்னாரு? இழுங்க பாய்."

கண் மூடியபடி மேலே வந்தார் அப்பா. முகத்தில் தண்ணீர் அடித்தும் அசையவில்லை.

மகள் மறுபடி கேட்டாள். இருப்பதிலேயே குறைந்த எக்கோவைக் காட்டினேன். உள்ளறையில், அன்று பிழைத்துக்கொண்ட அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.