அம்மாவுக்கு நான் ஒதுக்கிய சிவப்பு வாளி

கவி, கார்த்தி, உங்கள் அம்மாவுக்கு மட்டும் ஏன் தனி வாளி, தனித் தட்டு என்று கேட்டீர்களே. இப்போது சொல்கிறேன்.

போன பங்குனியில் என் ஆணுறுப்பின் ஓரத்தில் சின்னச் சின்ன மரு வந்தது. வலி இல்லை. காலிஃபிளவர் பூ மாதிரி கொத்தாக இருந்தது. லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போன இடத்தில் நான் தப்புச் செய்திருந்தேன். டாக்டரிடம் காட்ட வெட்கம். மரு உதிரட்டும் என்று வில்லாபுரம் மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டேன்.

"எங்கண்ணே மரு?" என்று கோயில் வாசல் பூக்கார அக்கா கேட்டார்.

"கால்லக்கா."

சாமி முன்னாலேயே பொய்.

ஆடியில் அம்மாவுக்கும் வந்தது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன், "எவன்ட்டடி வாங்கிட்டு வந்த?"

அவள் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தாள். நான் கடைக்குப் போய்ச் சிவப்பு வாளி வாங்கி வந்தேன். "பிள்ளைகளுக்கு ஒட்டிரும், இதுலயே குளி" என்றேன். நான்கு மாதம் அதில்தான் குளித்தாள். சாப்பிட்ட தட்டை வாசல் குழாயில் கழுவினாள்.

கடைசியில் உங்கள் சித்திதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். என்னையும் வரச் சொன்னார்கள்.

"உங்களுக்கு எப்பங்க வந்துச்சு?" என்றார் டாக்டரம்மா.

"பங்குனில."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப வாளி எனக்கு எதுக்குங்க?"

டாக்டரம்மா சொன்னார், "வாளி, தட்டுல எல்லாம் இது பரவாதும்மா. உடலுறவுலதான் பரவும். இந்த மரு பொதுவா புற்றுநோயா மாறாது. ஆனா இதே இனத்துக் கிருமி வேறொண்ணும் கூட இருந்தா, கர்ப்பப்பை வாய்ல புற்றுநோய் வரலாம். டெஸ்ட் எடுத்துருவோம்."

ரிசல்ட் வர பத்து நாள். தினமும் விடியலில் அம்மன் முன்னால் விழுந்தேன். "தப்புப் பண்ணுனது நானு தாயே. அவள விட்டுரு." உப்பு, மிளகு கொண்டு போகவில்லை. உண்மையை மட்டும் சொன்னேன்.

புற்றுநோய் இல்லை. அம்மன் கேட்டுவிட்டாள். மருந்து வைத்து இருவருக்கும் மருவும் உதிர்ந்தது. கிருமி உள்ளே இருக்கலாமாம். அம்மா டாக்டர் சொன்ன தேதிகளில் திரும்பவும் டெஸ்டுக்குப் போக வேண்டும். வெளியூர் லாரியை விட்டுவிட்டேன். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசு என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளைகளா, அம்மனை நம்புங்கள். அவளிடம் பொய் சொல்லாதீர்கள். அந்த இடத்தில் எது முளைத்தாலும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், கட்டியவரிடம் மறைக்காதீர்கள். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு நீங்கள் இருவரும் போட்டுக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வந்த மறுநாள் வீட்டில் யாரும் இல்லை. சிவப்பு வாளியில் தண்ணீர் பிடித்துக் குளித்தேன். பிறகு அதைத் துடைத்து, நம் எல்லோருடைய நீல வாளிக்குள் வைத்தேன்.