கடைசியாக ஆர் தொட்டது?

அன்றைக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். நான், பாக்கியம். என் மகன் ரஞ்சன். அவன் மனைவி வதனி. பக்கத்து வீட்டுப் பீற்றர் அண்ணன். ஐந்தாவது ஆள் நேசமலர். அன்று நடந்ததற்கு ஊர் அவளைத்தான் குற்றம் சொன்னது. இல்லை என்று சொல்ல அவள் இப்போது உயிரோடு இல்லை.

செய்தி வந்தபோது கிணற்றடியில் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பீற்றர் அண்ணன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பாக்கியம், நேசம் ஆசுபத்திரியில முடிஞ்சிட்டாவாம்" என்றார். சட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். மீனைக் காகம் தின்றது. அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, ரஞ்சனைத் தவிர.

நேசமலரின் மகள் தர்சினி முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்கு என்னையும் எழுதச் சொன்னாள். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம். மறந்தது அதைவிடக் கொஞ்சம்.

துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைத்துக் கொடுக்கும் வேலை பார்த்தவள் நேசம். ஓய்வு பெற்ற பிறகு கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனாள். எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் இன்டர்நெட் நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கேள்வி கேட்பாள்: "கடைசியா ஆர் தொட்டது?" பீற்றர் அண்ணன் வீட்டில் ஒரு முறை எல்லோரும் ஒரே குரலில் "ஒருத்தரும் தொடேல்ல" என்றார்கள். "அப்ப பேய்தான் பிளக்கைக் கழற்றியிருக்கு. அதைக் கூப்பிடுங்கோ, நான் கதைக்கிறன்" என்றாள். கோயிலுக்குப் போட்டுப்போகிற சட்டையை அயர்ன் பண்ணுவதற்குப் பீற்றர் அண்ணன்தான் கழற்றியிருந்தார். "பேய்க்கு மீசை இருக்குதே!" என்று அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது.

இனி அந்த நாள். என்னை வளர்த்தவள் பூமணி அக்கா. அவள் கனடாவில் ஆசுபத்திரியில் கிடந்தாள். தொண்டைக்குள் குழாய் வைக்கப்போகிறார்கள், வைத்தால் பிறகு பேச ஏலாது, அதற்கு முதல் தங்கச்சியோடு கதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அவளுடைய மகள் நாளும் நேரமும் சொல்லிவிட்டாள். இடையில் பெருமழை வந்து கைப்பேசிச் சிக்னல் எல்லாம் செத்துப்போனது. வீட்டுப் போனையும் ரவுட்டரின் வைஃபையையும் போன மாதத்து இடி தின்றிருந்தது. ஒழுங்கையில் மற்ற வீடுகளின் இன்டர்நெட்டும் மழையில் நின்றிருந்தது. மிஞ்சியது எங்கள் ரவுட்டரிலிருந்து லப்டொப்புக்கு வயர் போட்டுக் கதைக்கிற வழி ஒன்றுதான்.

வதனி அலுமாரிக்கு மேலிருந்து வயரை எடுத்துத் தந்தாள். ரஞ்சன் போட்டான். வேலை செய்யவில்லை. நேசம் ஈரக் குடையோடு வந்தாள். "கடைசியா ஆர் தொட்டது?"

"ஒருத்தரும் இல்ல அன்ரி. இப்பதான் எடுத்தது. வயர்தான் மழையில பழுதாப் போயிருக்கும்" என்றான் ரஞ்சன்.

அவள் அதை நம்பினாள். ரவுட்டரில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். வயரை வேறு குழியில் மாற்றினாள். சுவரோரமாகத் தவழ்ந்து வயரின் நீளம் முழுவதும் தடவினாள். பீற்றர் அண்ணன் தன் வீட்டு வயரைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். அதைப் போட்டும் வயர்க் குழியின் விளக்கு எரியவில்லை. நான் கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் நேரம் தொடங்கிவிட்டது.

கடைசியில் லப்டொப்பைத் தூக்கி, வயர் போகும் குழிக்குள் ரோச் லைற்றை அடித்தாள். வரிசையாகச் சின்னச் சின்னப் பொன்னிறக் கம்பிகள். இரண்டு கரையிலும் இருந்தவை மட்டும் நசுங்கிக் கிடந்தன. என்னையும் பார்க்கச் சொன்னாள்.

"தம்பி, இதுக்குள்ள வேற என்னவும் செருகினனீங்களோ?"

"இல்லை எண்டு சொல்லுறனல்லோ!"

அவள் ரோச்சை அணைத்துவிட்டு அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என்னிடம் ஊசி கேட்டாள். கம்பியை நிமிர்த்தும்போது ஒன்று முறிந்து ஊசியோடு வந்தது. "ஐயோ, உடைச்சுப்போட்டீங்களே அன்ரி!" என்று ரஞ்சன் சத்தம் போட்டான். எல்லோர் கண்ணும் அந்த ஊசியில்தான் நின்றது.

"அக்கா, என்ர வீட்டில ஒரு சாமான் இருக்கு. யூஎஸ்பியில செருகிப்போட்டு அதில வயரைப் போடலாம். முதலே தெரிஞ்சிருந்தா முதலே எடுத்திருப்பன்" என்றாள். ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு அப்போதே மூச்சு இழுக்கும். போனதையும் பார்த்தேன், அந்தச் சாமானைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்ததையும் பார்த்தேன்.

போட்டவுடன் வேலை செய்தது. திரையில் அக்கா வந்தாள், வாயில் குழாயோடு. "சித்தி, இப்பதான் வைச்சவை. இவ்வளவு நேரமும் உங்கட பேரைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தவ" என்றாள் மகள். அக்காவின் கை போர்வைக்கு மேலே அசைந்தது. அக்கா திரும்பப் பேசவே இல்லை. என்னிடம் என்ன சொல்ல இருந்தாள் என்று எனக்கு இனி யாரும் சொல்ல ஏலாது.

அதற்குப் பிறகு ரஞ்சன் போகிற இடமெல்லாம் ஒரே கதை: நேசம் அன்ரி ஊசியால் குத்தி லப்டொப்பை உடைத்தாள், அதனால்தான் அம்மா பெரியம்மாவோடு கதைக்க முடியாமல் போனது. அவளைக் கூப்பிடுவதை வீடு வீடாக நிறுத்தினார்கள். கோபத்தை வைத்துக்கொள்வதில் என்னை வெல்ல இந்த ஊரில் ஆள் இல்லை. அவள் மேல் நான் வைக்கவில்லை. தண்ணீருக்குள் நடந்து போனவள் மேல் எப்படி வைப்பது? என்னதான் நடந்தது என்று நான் ஒருநாள் கேட்டபோதும், "கம்பி முறிஞ்சது முறிஞ்சதுதானே அக்கா, விடுங்கோ" என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள்.

செத்தவீட்டில், அவளைக் கிடத்தியிருக்கும்போதே, ரஞ்சன் பந்தலுக்குள் இருந்து அந்தக் கதையை இன்னொருவருக்குச் சொன்னான். தர்சினிக்குக் கேட்டுவிட்டது. என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"பெரியம்மா, உடைச்சது அம்மா இல்லை. வீட்டுப் போன் வயரை ஆரோ அதுக்குள்ள இறுக்கியிருக்கினம். போன் வயரின்ர தலை சின்னன். உள்ள போகும், ஆனா ரெண்டு கரைக் கம்பியையும் நசுக்கிப்போடும். அம்மா பார்த்தவுடனே கண்டிட்டா. வாழ்நாள் முழுக்கப் போன் வயரோட கிடந்தவ அல்லோ?"

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"'அண்டைக்குத் தமக்கையையும் பறிகுடுத்து மகனையும் பறிகுடுக்கிறதோ அந்த மனிசி' எண்டு கேட்டவ."

குசினி வாசலிலேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்று காலையில் முன்னறைக் கட்டிலில் அந்தச் செத்த போனின் வயர் கிடந்தது. இது ஏன் இங்கே என்று யோசித்தபடி நான்தான் சுருட்டி அலுமாரிக்குள் வைத்தேன். அந்த அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவன் ரஞ்சன். சரியான வயரைத் தேடிக் கிடைக்காமல் இதைச் செருகிப் பார்த்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து அந்த வயரை எடுத்து அவன் முன்னால் போட்டேன். "கடைசியா ஆர் தொட்டது?" என்று கேட்டேன்.

அவன் வயரைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "செத்த ஆக்களைப் பற்றி இனி என்னம்மா கதை?" என்றான்.

வயரைத் தெரியாமல் செருகினதை நான் பெரிதாக எடுக்கவில்லை. நானும் செருகியிருப்பேன். அவள் கேட்டபோது "ஓம், நான்தான்" என்று சொல்லியிருந்தால் நேசம் அப்போதே தண்ணீரில் இறங்கியிருப்பாள், அக்காவின் குரல் எனக்குக் கிடைத்திருக்கும். அதைக் கிடைக்காமல் செய்துவிட்டு, பழியைத் தூக்கி உதவிக்கு வந்தவளின் தலையில் வைத்தான். கிடத்தியிருந்த உடம்பின் மேலும் வைத்தான்.

இந்தப் புத்தகம் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் போகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நேசம் இருந்தால் "அக்கா, உங்களுக்கு விசரே?" என்று பேசுவாள். அவள் மூடி வைத்ததை நான் திறக்கிறேன். பேசட்டும். அவளுடைய அந்தச் சாமான் இன்னும் எங்கள் லப்டொப்பில்தான் இருக்கிறது. தர்சினி திருப்பி வாங்கவில்லை. அதையும் நேசத்தின் கேள்வியையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

அன்று அந்த அறையில் இருந்தவர்களில் மூன்று பேரோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. நான் சாகும்வரை மன்னிக்காத ஆள், என் மகன் ரஞ்சன்.