மல்லிகை வராத வாரம்

சபையாரே, இதைச் சொல்லும்போது நான் அழவில்லையே என்று தப்பாக நினைக்காதீர்கள். அன்றைக்கே எனக்கு அழுகை வரவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தைந்தில் ஒரு மழைக்காலம். மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபது வயது. மகன் சாமுவேலுக்கு நான்கு மாதம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடி ராணுவம் இறங்கியிருந்தது. மலையிலிருந்து இறங்கும் தாப்பா ரோட்டை அடைத்துவிட்டார்கள். தேயிலை லோரியோடு கீழே போன என் வீட்டுக்காரரால் திரும்பி வர முடியவில்லை.

அதே வாரம் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் விஷக்காய்ச்சல் புகுந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் அதை ஃப்ளூ என்றார். மருந்து தீர்ந்ததும் அவரும் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவின் ஆறு மாதப் பெண் குழந்தை இறந்துபோனது. அடக்கத்துக்குக்கூட நான் எழுந்து போகவில்லை. எனக்கும் காய்ச்சல். அதில் என் பால் வற்றிவிட்டது.

சாமுவேலுக்கு டின் பாலைக் கரைத்துக் கொடுத்தேன். குடித்ததையெல்லாம் கக்கினான். இரண்டாம் நாள் அழுவதையும் நிறுத்திவிட்டான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பயம்கூட வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. ஜெபிக்க வார்த்தை கிடைக்கவில்லை. "ஆண்டவரே, ரோட்டைத் திறந்துவிடும். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். ரோடு திறக்கவில்லை.

மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"எஸ்தரு, நான்தான், பாக்கியம். தொற."

சாவு நடந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நமக்குத் தீட்டு கிடையாது என்று ஜெபக்கூட்டத்தில் வாய் கிழியப் பேசியவள் நான். ஆனாலும் என் கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை.

"அப்புறம் வாங்கக்கா," என்றேன்.

"காலையிலருந்து புள்ள சத்தமே கேக்கலடி. எனக்குப் பாலு கட்டிக்கிட்டு உயிரு போவுது. தொறந்து வுடு லா!"

திறந்தேன். அவர் ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. என்னிடம் கேட்காமலே பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவன் வாய் வைக்கவில்லை. சொட்டுச் சொட்டாக அவன் உதட்டில் பீய்ச்சினார். வெகுநேரம் கழித்து அவன் தொண்டை அசைந்தது.

"பால நிறுத்த மாருல மல்லிப்பூ வச்சுக் கட்டணும்னாங்க," என்றார் அக்கா. "இந்தக் குளுருல மல்லி எங்க பூக்குது? கீழருந்து லோரியிலதான வரணும். ரோடுதான் அடச்சுக் கெடக்கே."

அவர் முகத்திலும் கண்ணீர் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் திறக்கச் சொன்ன ரோடு மூடிக் கிடந்ததால்தான் அந்தப் பால் நிற்காமல் இருந்தது. ஒரு பிள்ளை போய் இன்னொரு பிள்ளை பிழைத்தது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு அல்லேலூயா என்று கத்தவும் எனக்கு வாய் வருவதில்லை. நன்றி என்று மெதுவாகச் சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்து ரோடு திறந்தது. முதல் லோரியில் என் வீட்டுக்காரர் வந்தார். யாரோ தோட்டத்து ஆபீஸ் போனில் சொல்லிவிட்டிருந்த மல்லிகைப் பொட்டலமும் வந்தது. அவரே அதை அக்கா கையில் கொடுத்தார். அக்கா பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் தன் வீட்டு மாரியம்மன் படத்துக்குச் சாத்திவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்து பாய் மேல் உட்கார்ந்து கை நீட்டினார்.

"குடுடி அவன. பசிக்கும்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சாமுவேல் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அக்காவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறான். அதற்குப் பிறகு நான் வீட்டில் பகலில் தாழ்ப்பாள் போட்டதில்லை. சபையாரே, நீங்களும் நம்பிக்கையோடு கேளுங்கள். வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை, ஆண்டவர் கேட்பார். ஆனால் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள்.