வலிய முடிக்குப் போன சகீலா

கொச்சி மட்டாஞ்சேரியில் சகீலாவை இட்லி மாவுக்காரி என்றால்தான் தெரியும். பதினோரு வருஷமாக, விடிந்ததும் சைக்கிளின் இரண்டு பக்கமும் மாவுத் தூக்குகளைக் கட்டிக்கொண்டு சுள்ளிக்கல் வரை வீடு வீடாகப் போய் வருகிறாள். வயது நாற்பத்துநாலு.

சுள்ளிக்கல்லில் மாவு வாங்கும் தன்யா பாலக்காட்டுப் பெண். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் அவள் போனில் ஒரு படம் காட்டினாள். தீக்கோய்ப் பக்கத்து மலைரோட்டில் சைக்கிளில் ஏறி, ரோடு முடிந்த இடத்திலிருந்து நடந்து, ஒரே நாளில் இரண்டு உச்சிகளைப் பார்த்துத் திரும்பும் குழு அது.

"நானும் வரலாமா, மோளே?"

தன்யா சிரித்தாள். சகீலா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினாள். "கஷ்டம் இத்தா. பதினாறு கிலோமீட்டர் ஏத்தம்."

"தேதி மட்டும் சொல்லு."

கொச்சியில் ஏற்றம் ஏது? தோப்பும்படிப் பாலம்தான். இரண்டு மாதம் தினமும் மாவு கொடுத்து முடித்ததும், காலித் தூக்குகளில் தண்ணீர் நிரப்பிப் பாலத்தில் இருபது முறை ஏறி இறங்கினாள். மீன் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கணவர் தாவூதும் ஒருநாள் தன் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தார்.

"இந்த வயசுல மலை ஏறி என்ன கிடைக்கும் உனக்கு?"

"தெரியல. ஏறினாத்தானே தெரியும்? அந்த ஞாயித்துக்கிழமை மாவை நீங்க கொடுத்துடுங்க."

எந்தெந்த வீட்டுக்கு எவ்வளவு மாவு என்று அவர் கேட்டுக்கொண்டார்.

நவம்பரில் போனார்கள். பதினோரு பேர். சைக்கிள்களை வேனில் ஏற்றி அடிவாரம் சேர்ந்தபோது ஏழு மணி. குழுவை நடத்தும் ரமேஷ்பாபு, ஒன்பதரைக்குள் ரோடு முடியும் இடத்துக்கு வராதவர்களை வேன் ஏற்றிக்கொள்ளும் என்று எல்லோருக்கும் சொன்னார். சொல்லும்போது சகீலாவைத்தான் பார்த்தார்.

தன்யா கொடுத்திருந்த கியர் சைக்கிள் முதலில் பிடிபடவில்லை. இரண்டு இடத்தில் சங்கிலி கழன்றது. மற்றவர்கள் வளைவுகளில் மறைந்துபோனார்கள். அவள் இறங்கித் தள்ளவில்லை. மாவு கொண்டுபோகும் அதே நிதானத்தில் மிதித்தாள். கடைசி ஆளாக வந்து சேர்ந்தபோது ஒன்பது இருபத்தைந்து. வேன் காலியாகவே இருந்தது.

செறிய முடி என்ற சின்ன உச்சிக்குப் புல்வெளி வழியாக நடந்தார்கள். அது சிரமமாக இல்லை. அடுத்து, பெரிய உச்சியான வலிய முடிக்குச் சற்றுக் கீழே ஐம்பதடிக்கு ஒரே மொட்டைப் பாறை. இரண்டு பக்கமும் சரிவு. அதற்குக் கீழே மூடுபனி. இரண்டாவது மாடிக்கு மேல் நின்றறியாத சகீலா பாதி வழியில் கீழே பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

"மதி இத்தா," என்றார் ரமேஷ்பாபு. "இங்கேயே இருந்தா போதும். நாங்க போயிட்டு வரோம்."

"நான் வேண்டாம்னு சொல்லலையே. அஞ்சு நிமிஷம் கொடுங்க."

புது ஷூக்களைக் கழற்றி, நாடாவை முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டாள். வெறுங்காலுக்குப் பாறை பிடித்தது. கையையும் ஊன்றி, கீழே பார்க்காமல், எதிரே இருந்த ஒரு சாண் பாறையை மட்டும் பார்த்து நகர்ந்தாள். தன்யா பின்னாலேயே வந்தாள்.

மேலே போனதும் காற்று முக்காட்டைப் பிடுங்கியது. தன்யா எழுந்து நிற்கச் சொல்லிப் படம் எடுக்கப் பார்த்தாள்.

"நான் உட்கார்ந்திருக்கேன், அப்படியே எடு. இது போதும் எனக்கு."

பனி விலகவே இல்லை. எதுவும் தெரியாத அந்த வெண்மையைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் ரமேஷ்பாபு மட்டாஞ்சேரிக்கே வந்தார். குழுவில் எல்லோருக்கும் பின்னால், கடைசியில் வருகிறவர்களோடு வர ஒரு ஆள் வேண்டும் என்றார்.

"வேகமாப் போறவங்க நெறைய பேர் இருக்காங்க இத்தா. பின்னாடி வர்றவங்களை விட்டுட்டுப் போகாத ஆள்தான் இல்ல."

சகீலா ஒப்புக்கொண்டாள். ஜனவரிப் பயணத்தில் கடைசியாக வந்தவர் ஒரு பல் டாக்டர். பாதி ஏற்றத்துக்குள் மூன்று தடவை "என்னால முடியாது" என்றார். ஒவ்வொரு தடவையும் அவள் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, அவர் மூச்சு ஆறும் வரை நின்றாள். நான்காவது தடவை நின்றபோது, அவளுக்கு முன்பாக அவரே மிதிக்கத் தொடங்கினார்.