மஞ்சள் தண்ணீர் பட்ட கம்ப்யூட்டர்

அரியலூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, பெரம்பலூரில் இருக்கும் மகனிடம் போக வேண்டியிருந்தது. என் மனைவிக்குக் கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. சாமான் கட்டும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"போறதுக்குள்ள பாப்பா போட்ட பாட்ட ஒரு தடவ கேக்கணுங்க."

பாப்பா எங்கள் மூத்தவள். பிளஸ் டூ படிக்கும்போது மூளைக்காய்ச்சலில் போனாள். லெப்பைக்குடிகாடு ஊர் நண்பர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்த, டிவியோடு இணைக்கும் சின்னக் கம்ப்யூட்டரில், கடைசி லீவில், ஒரு பாட்டைப் பீப் சத்தங்களாக எழுதி கேசட்டில் பதிந்திருந்தாள். கேசட் பீரோவில் பத்திரமாக இருந்தது; ஆனால் அதில் இருப்பதைப் பாட்டாக்க அந்தக் கம்ப்யூட்டரால்தான் முடியும். அவள் போனபின் யாரும் தொடாத கம்ப்யூட்டர்தான் எழுந்திருக்கவில்லை. டிவியில் வெறும் கறுப்பு.

நான் சிமெண்ட் ஆலையில் கருவிகளைப் பழுது பார்த்தவன். லாஜிக் புரோப் இன்னும் என்னிடம் இருக்கிறது. பேனா மாதிரி இருக்கும். முனையைச் சிப்பின் காலில் வைத்தால், மின்னழுத்தம் உயர்ந்திருந்தால் சிவப்பு, தாழ்ந்திருந்தால் பச்சை, துடித்துக்கொண்டிருந்தால் மஞ்சள் விளக்கு எரியும். எதுவுமே எரியாவிட்டால் அந்தக் கால் எதனோடும் சேராமல் நிற்கிறது என்று பொருள்.

பெரிய சிப்புக்கு நாற்பது கால்கள். எண்ணி எண்ணித் தொட்டேன். நாற்பதிலும் குறையில்லை. அடுத்ததற்கு இருபத்தெட்டு. ஒன்பதாவது காலில் விளக்கே இல்லை. எண்ணிக்கை தவறிவிட்டதோ என்ற பயத்தில் மறுபடி முதலிலிருந்து வந்தேன். ஒன்பதுதான். சிப்புகள் பொருத்திய பலகையைத் திருப்பி அதற்கு நேர் கீழே முனையை வைத்தேன், மஞ்சள் துடித்தது. அப்படியென்றால் நடுவில், சிப்பைச் செருகியிருக்கும் சாக்கெட்டில் கோளாறு. சிப்பை நெம்பி எடுத்தேன். சாக்கெட்டுக்குள் கல்லாக ஏதோ இறுகியிருந்தது.

ஆலைத் தூசி படியும் எங்கள் தெருவில் யாரும் முதலில் ஈரத்துணியை எடுக்க மாட்டார்கள். சிமெண்ட் தூசியில் ஈரம் பட்டால் இறுகிவிடும். காய்ந்த துணியால் தட்டிய பிறகுதான் தண்ணீர். என் மனைவி அதில் கண்டிப்பானவள்.

"இதுல எப்படி தண்ணி பட்டுச்சு?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் கட்டிக்கொண்டிருந்த மூட்டையை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"கருமாதி அன்னைக்கு வூடு பூரா மஞ்சத்தண்ணி தெளிச்சாங்கள்ல. உங்கக்கா பாப்பா மேசையிலயும் கம்ப்யூட்டர் மேலயும் தெளிச்சாங்க, தீட்டு போவணும்னு. எம்புள்ளகிட்ட என்னா தீட்டுன்னு கேட்டேன். யாரு காதுல வாங்குனா?"

நான் ஊசியால் சுரண்டினேன். உதிர்ந்தது சாம்பல் நிறம்தான்; அதில் மஞ்சள் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். தெரியவில்லை.

சிப்பைத் திரும்பப் பொருத்தியதும் டிவியில் எழுத்து வந்தது. கேசட்டை ஓட்டினேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதை அருகே கொண்டுவந்தாள்.

பதினொரு பீப். அதோடு நின்றது.

"அவ்வளவுதானா? எவ்வளவு நீளமா பாடும்? நான் சோறு வடிச்சு முடிக்கிற வரைக்கும் பாடுமே."

பாப்பா எழுதிய வரிகளைத் திரையில் வரவழைத்தேன். பதினொரு சத்தம், பதினொரு வரி, கீழே முடிவு என்ற கட்டளை. எதுவும் அழியவில்லை. நான் இரண்டு முறை எண்ணினேன். என் மனைவியால் திரையைப் பார்க்க முடியாது.

"மீதி டேப்புல அழிஞ்சு போயிருக்கு," என்றேன்.

"அதானே பாத்தேன். அவ நெறையப் போட்டிருந்தா," என்று சொல்லிவிட்டு, வராத பாட்டுக்காக அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.